புல்வெளிக்குள் போன மோதிரம்

மனைவி முரியலின் மோதிரத்தைப் பின்பக்கப் புல்வெளியில் புதைத்தது ஹொரேஸ்தான். அதில் சந்தேகமே இல்லை. எந்த இடத்தில் என்பதில்தான் சந்தேகம்.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உலோகம் தேடும் கருவி வைத்திருக்கிற ஆண்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. மண்ணுக்குள் தங்கம் இருந்தால் கருவி எப்படிக் கத்தும் என்று காதுக்குப் பழக்க வேண்டும். அதற்குத் தங்கம் வேண்டும். சொந்தமாகத் தோண்டியெடுத்தது இருந்தால் அதையே புதைக்கலாம். ஹொரேஸ் இத்தனை வருடமாகத் தோண்டியெடுத்ததெல்லாம் பீர் டப்பா வளையமும் லாட ஆணியும். ஆகவே, ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைய முரியல் கழற்றி ஜன்னலோரம் வைத்த மோதிரத்தை எடுத்துப் போய்ப் புதைத்தார்.

அடையாளத்துக்கு ஒரு குச்சி நடலாமா என்று தோன்றியது. நிபுணருக்கு எதற்குக் குச்சி? பேட்டரி தேடிக் கொட்டகைக்குள் போனார். அரை மணி நேரம் துழாவி அதைக் கண்டுபிடித்து வெளியே வருவதற்குள், முரியல் தொப்பியும் கையுறையுமாகப் பெட்டியோடு நின்றாள்.

"நான் அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துடுவேன். ஸ்கோன் மேஜை மேல இருக்கு."

மோதிரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மறந்துவிட்டாள், நம் அதிர்ஷ்டம் என்று ஹொரேஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால், புல்வெளி முழுவதும் ஒரே மாதிரி இருந்தது.

அன்று மாலையே அக்கா ஊரான க்ரோமரிலிருந்து தொலைபேசி வந்தது.

"ஹொரேஸ், ஜன்னல்ல மோதிரத்த வச்சிட்டு வந்துட்டேன். பத்திரமா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. கண்ணு முன்னாலயே இருக்கு."

"எங்கம்மா போட்டிருந்தது. அது மட்டும் தொலைஞ்சுது, நான் அக்கா வீட்லயே தங்கிடுவேன்."

"சே, என்ன பேச்சு இது!"

"சரி, முதுக பாத்துக்க."

முதுகுவலி பழைய கதை. பரணை ஒழி, கதவுக்கு எண்ணெய் போடு, பின்பக்கத்தைக் கொத்து என்று முரியல் வாயைத் திறந்தால் போதும், வலி வந்துவிடும். பக்கத்து விவசாயி கர்னியின் வயலில் கருவியோடு பொழுதெல்லாம் குனிந்து தோண்டும்போது மட்டும் அது விடுப்பில் போய்விடும்.

ஹொரேஸ் கருவியைப் போட்டார். அது அடிக்கு ஒரு தரம் கத்தியது. அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் குப்பையைக் கொட்டி அதன் மேல் புல் வளர்த்த புண்ணியவான்கள். ஆணி வந்தது, சோடா மூடி வந்தது, ஒரு கரண்டி வந்தது. உலோகம் தேடுவோர் சங்கத்து விதிப்படி, ஒவ்வொரு குழியையும் புல்லோடு வெட்டித் திறந்து, தேடிவிட்டு, மூடி போல அழகாகத் திரும்பப் பொருத்தினார். எவ்வளவு அழகு என்றால், எதைத் தோண்டினோம், எதைத் தோண்டவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை புல்லையெல்லாம் பாயாகச் சுருட்டி வேலியோரம் போட்டார். மோதிரம் வரவில்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. சண்டை போடுகிறவளாக இருந்தாலும், முரியல் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மானத்தை விட்டு, சங்கச் செயலாளர் ஆல்பியைக் கூப்பிட்டார்.

ஞாயிறு காலை ஆல்பி ஆறு பேரோடும் ஏழு கருவியோடும் வந்து இறங்கினார்.

"பொண்டாட்டி மோதிரத்தையா பொதச்ச?" என்றார் ஆல்பி.

"ஏன், நீ பொதைக்கலயா?"

"பொதச்சேன். ஆனா குச்சி நட்டேன்யா, மண்டு!"

கயிறு கட்டிக் கட்டம் பிரித்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்கள். மதியம் வரை ஒழுங்கு தாங்கியது. அப்புறம் ஒருவருக்கு ஏதோ ஒரு ராஜா காலத்து வெள்ளிப் பென்னிக் காசு கிடைத்தது.

"ஒண்ணு இருந்தா ஒரு பானைக் காசே இருக்கும்!" என்று ஆல்பி கத்தினார்.

"மோதிரம்யா, மோதிரம்!" என்றார் ஹொரேஸ்.

"அதுவும் வரும், நகரு!"

ஏழு பேரும் இடுப்பு ஆழத்துக்கு இறங்கினார்கள். மேல்மண் கீழே போனது, கீழ்மண் மேலே வந்தது. கட்டியெல்லாம் கையால் உடைத்துச் சலித்தார்கள். பானை வரவில்லை. மோதிரமும் வரவில்லை. ஹொரேஸிடமிருந்த பிஸ்கட்டும் தேநீரும் தீர்ந்ததும், மண்ணைத் தள்ளிச் சமன் செய்துவிட்டு, "வருத்தமா இருக்குய்யா" என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

மண்வெட்டியைப் பிடித்தபடி, என்ன பொய் சொல்லலாம் என்று ஹொரேஸ் யோசித்துக்கொண்டிருந்தார். முரியல் தன்னைக் கர்னியின் வயலிலேயே புதைத்துவிடுவாள் என்று தோன்றியது. பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டது. நாற்றுப் பண்ணை ஐரிஸ், தள்ளுவண்டியில் இரண்டு மூட்டையோடு உள்ளே வந்தாள். பொடிப்பொடியாகக் கிடந்த மண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் ஹொரேஸ்.

"விதை உருளைக்கிழங்கு. புதன்கிழமை ரயிலுக்குப் போற வழியில முரியல் எங்க பண்ணைக்கு வந்து, கையுறையக் கழட்டி, மோதிரத்துல ஒட்டியிருந்த மண்ணக் கழுவிக்கிட்டே சொன்னாங்க: 'ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரு பின்பக்கம் பூரா கொத்தி வச்சிருப்பாரு, கொண்டு போய் எறக்கிடு'ன்னு."