நான் சாகடித்த ஐந்து வாத்தியக்காரர்கள்

உயிரோடிருந்த ஐந்து பேரை ஒரே மாலையில், மைக்கில் சாகடித்திருக்கிறேன். எதையும் அட்டவணை போட்டே செய்பவள் என்பதால் அதையும் வரிசையாகவே செய்தேன்.

அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு டிவி பழுதுபார்க்கும் கடையில் வேலை. வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலேயே பொழுது சாய்ந்துவிடும். (தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது "வா, வா" என்பேன். அது கணக்கில் சேராது.) அதனால் 'திண்டிவனம் தண்டர்ஸ்' இசைக்குழுவில் ஆம்ப்ளிஃபயர் பார்க்க ஆள் வேண்டும் என்றதும் ஓடினேன்.

ராக் வாசிக்கப் புறப்பட்டுக் கல்யாண வரவேற்புகளில் கரை ஒதுங்கிய குழு அது. இருபது வருடமாக மாறாதவர் கிதார் வாசிக்கும் இன்னாசி மாஸ்டர் மட்டும்தான். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். வேனில் ஏறினால் பழைய ஆட்களைப் பற்றியே பேச்சு. எனக்குத் தெரியாத ஆட்கள், எனக்குப் புரியாத சிரிப்பு. ஸ்பீக்கர் பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாக உட்கார்ந்திருப்பேன்.

இருபதாம் ஆண்டு விழா வந்தது. "எம்மா, நம்ம குழு சரித்திரத்த எழுதி மேடையில நீயே படிச்சிடு. கடைசி வரியில உன் பேரையும் சேர்த்துக்கோ" என்றார் மாஸ்டர். அந்தக் கடைசி வரிக்காகவே ஒரு நோட்டு வாங்கினேன். பெயர், வாத்தியம், சேர்ந்த வருடம், இப்போதைய நிலை என்று நான்கு கட்டம் போட்டேன்.

"டிரம்ஸ் தேவராஜ் இப்போ எங்க மாஸ்டர்?"

"அவன் போயிட்டாம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கார்டியன் சவரிமுத்து?"

"அவனும் போயிட்டான். அந்த மாதிரி கை இனிமே வராது."

ஐந்து பேருக்கும் இதே பதில், இதே கண்ணாடி துடைப்பு. துருவிக் கேட்பது நாகரிகமில்லை என்று, நான்காவது கட்டத்தில் ஐந்து முறை 'காலமானார்' என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டேன்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. ஐந்து பெயர்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்து, "இவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி" என்றேன். மண்டபமே எழுந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "எம்மா! காலையிலகூட கிளியனூர்ல கொல்லையில மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கினு இருந்தேன். எப்போம்மா செத்தேன்?"

தேவராஜ்.

"நீ செத்து ரொம்ப நாளாவுதுடா. உனக்குத்தான் எப்பவும் தாளம் லேட்டா விழும்!" என்றது பக்கத்துப் பிரேதம்.

ஐவருக்கும் மாஸ்டரே அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே வாசித்துக் காது மந்தமான சவரிமுத்து மட்டும் தலைகுனிந்து முழு நிமிடமும் நின்றார். முடிந்ததும், "பாவம், யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"குழுவ வுட்டுப் போயிட்டான்னு சொன்னேன்! செத்தான்னா சொன்னேன்?" என்று மாஸ்டர் என்னிடம் முணுமுணுத்தது, நான் அவ்வளவு கச்சிதமாக அமைத்திருந்த ஒலிபெருக்கிகளில் மண்டபம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்கவே இல்லை. கடைசி வரியை நான் படிக்கவும் இல்லை.

மறுவருடம் வேறு வேலை கிடைத்து வேலூர் போனேன். "வர்றேன் மாஸ்டர்" என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வேனில் என் இடத்தில் இன்னொரு பெட்டியை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (இன்றும் எங்கள் வீட்டில் யாராவது "அவங்க போயிட்டாங்க" என்றால், "நாலாவது கட்டத்துலயா?" என்று என் கணவர் கேட்காமல் இருப்பதில்லை.)

வெள்ளி விழாவுக்கு முன் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. எழுதியவர் புது டிரம்மர்.

'அக்கா, குழு சரித்திரம் எழுதிக்கினு இருக்கேன். உங்களப் பத்திக் கேட்டா, "அது போயிடுச்சிப்பா"ன்னு சொல்லிட்டு மாஸ்டர் கண்ணாடியத் தொடைக்கிறாரு. எதுக்கும் ஒருவாட்டி அவங்களையே கேட்டுக்கோன்னு தேவராஜ் அண்ணன் அட்ரஸ் குடுத்தாரு. நீங்க இருக்கீங்களா?'

நான்கு முறை படித்தேன். பிறகு பதில் எழுதினேன்: 'காலமானார் என்றே போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் வையுங்கள்.'