சூடு பெண் பார்க்கப் போன கதை

ஈப்போவிலேயே ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லத் தெரியாத ஒரே மனிதன், புந்தோங்கில் என் வீட்டு முன்னறையில் குடியிருந்த சூடுதான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான்.

பிரபஞ்சம் பிறந்ததும் குபீரென்று ஊதிப் பெருத்து, ஜில்லிட்டு, மறுபடி சூடேறியதாம். அந்தச் சூடு எவ்வளவு என்பதுதான் அவனுடைய பல்கலைக்கழக ஆராய்ச்சி. உட்கார்ந்து யோசிக்க மாட்டான். ஹாலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருப்பான். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

"கண்டுபிடிச்சிட்டியா இல்லியாடா?"

"ரொம்பக் கம்மியா இருந்திருந்தா ஹீலியமெல்லாம் இப்ப இருக்குற அளவுல வந்திருக்காதுக்கா. ரொம்ப அதிகம்னா வேண்டாத துகள் பெருகி எல்லாத்தையும் கெடுத்திருக்கும். ரெண்டுக்கும் நடுவுல லா."

"நடுவுலன்னா எங்க?"

"அதான்க்கா பிரச்சனை. நடு ரொம்பப் பெருசு." மறுபடி நடை.

இந்த வியாதி எல்லாவற்றுக்கும் பரவியது. எப்போது வருவாய் என்று கேட்டால், "ஆறுக்கு முன்னாடி இல்ல, பத்தைத் தாண்டாது" என்பான். தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய டீக்குச் சீனி எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டதற்கு, "இனிக்கணும், ஆனா திகட்டக் கூடாது" என்றான். அவர் சீனி டப்பாவையே இவன் முன்னால் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

இந்த லட்சணத்தில் பத்து காஜா என்கிற பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனோம். நர்ஸ் கலா. அவளை நினைத்து ஒரு வருஷமாக உருகிக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லாதவன், பேசுவதற்கு நான்தான். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் நேரா பதில் சொல்லுடா" என்று காரிலேயே கெஞ்சினேன்.

கலாவின் அப்பா, "படிப்பு எப்ப தம்பி முடியும்?" என்றார்.

"அடுத்த வருஷத்துக்குள்ள முடியாதுங்க."

"பின்னே எப்பத்தான் முடியும்?"

"அஞ்சு வருஷத்தத் தாண்டாதுங்க."

மனிதர் எழுந்தேவிட்டார். "இந்தப் பையன நம்பி எப்படிம்மா பொண்ணு குடுக்குறது?" என்றார் என்னிடம். ஆத்திரத்தில் இவன் தொடையைக் கிள்ளினேன். கடன்காரன், எழுந்து அவர்கள் ஹாலிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டான்!

உள்ளேயிருந்து கலா வந்தாள். "நான் ஒண்ணு கேக்குறேன். என்னை எவ்ளோ பிடிக்கும்?"

போச்சு, கெட்டது குடி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நடை நின்றது.

"கீழ் எல்லை மட்டும்தாங்க தெரியுது" என்றான். "மேல் எல்லை தேடிப் பாத்துட்டேன். இல்ல."

கலாவின் அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "தம்பிக்கு இன்னொரு தே கொண்டாம்மா" என்றார்.

கல்யாணமாகிப் பத்து காஜாவிலேயே குடித்தனம் நடத்துகிறான். பாவி, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று யார் வந்து கேட்டாலும், ஆள் இருக்கு என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.