மறக்காத கண்ணாடியும் மருதியின் கழித்தல் கணக்கும்

எழுநீர் நாட்டில் ஒரு காலத்தில் பிள்ளைகளின் தவறுகளுக்கு மாலை வரைதான் ஆயுள். பள்ளி விடுவதற்கு முன் அங்கே ஒரு மணி அடிப்பார்கள். அதற்கு அழிப்பு மணி என்று பெயர். மணி அடித்ததும் பிள்ளைகள் கோவை இலையைக் கசக்கிப் பலகையைத் துடைப்பார்கள். ஏழும் எட்டும் பதினெட்டு என்று எழுதியவனும், ஆசிரியையின் மூக்கைப் பெரிதாக வரைந்தவளும் ஒரே மாதிரி வெற்றுப் பலகையோடு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் யாரும் யாரையும் குத்திக்காட்ட முடியாது, ஏனென்றால் கையில் ஆதாரம் இல்லை.

ஆற்றங்கரைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த மணியை அடித்தவர் ஆசிரியை நப்பின்னை. அறுபத்து நான்கு பிள்ளைகளின் பெயரைத் தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அதை ஒரு குறையாக அன்று நினைத்தார். இன்று யாராவது அந்த அறுபத்து நான்கு பெயரையும் கூப்பிடச் சொன்னால், தொண்டை போனாலும் பரவாயில்லை என்று கூப்பிடுவார்.

ஓர் ஆண்டு ஏழு ஆறுகளும் கரை ஏறின. ஏறியவை மாதக்கணக்கில் இறங்கவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தபடியே பாடம் கேட்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாயக் கண்ணாடி கொடுப்பது என்று அரண்மனை முடிவு செய்தது. எந்தக் கண்ணாடி நல்லது என்று தேர்ந்தெடுக்கக் கல்வியமைச்சர் மாவளத்தார் ஒரு குழு அமைத்தார். ஆசிரியர்கள் சார்பில் நப்பின்னை அதில் உட்கார்ந்தார்.

இரண்டு கண்ணாடிகள் வந்தன. ஒன்று உள்ளூர்க் கொல்லர் செய்தது. பாடத்தைக் காட்டும், பொழுது சாய்ந்ததும் நடந்ததையெல்லாம் மறந்துவிடும். இன்னொன்று கடல் கடந்து வந்தது. இலவசம். தானே வருகை எடுக்கும், தானே திருத்தும், எதையும் மறக்காது. அதனுடன் எண்பது முழ நீளத்துக்கு ஒரு நிபந்தனைச் சுருள் இருந்தது. குழுவினர் அதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு கனமான நிபந்தனைகளை எழுதியவர் பொறுப்பானவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

நப்பின்னை மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "பாடம் முடிஞ்சப்புறம் பிள்ளைங்க பேசினது, அழுதது எல்லாம் எங்கங்க போகும்?"

"எங்கும் போகாது, ஆசிரியை அவர்களே. அத்தனையும் பத்திரமாக இருக்கும்" என்றார் மாவளத்தார். "நமது ஆட்சியில் எதுவும் வீணாவதில்லை."

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டு நப்பின்னை நிம்மதியடைந்தார். தானே வருகை எடுக்கும் என்பதும் மனதை இழுத்தது. அரண்மனை வழக்கப்படி கைநாட்டு வைத்தார். பிற்பாடு அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அவமானமாக இருந்தது.

முதல் ஆணை ஒரு மாதத்தில் வந்தது. கண்ணாடியைத் துணி போட்டு மூடக் கூடாது, சாப்பிடும்போதும் தூங்கும்போதும்கூட. இரண்டாவது ஆணைப்படி, பாடத்தின் நடுவே ஜன்னலைப் பார்ப்பவர்கள் வேடிக்கையர் என்று தனியே பதியப்பட்டார்கள். எந்தக் குழந்தை எந்தத் தின்பண்டத்தைப் பார்த்து எச்சில் விழுங்கியது என்பது மிட்டாய் வியாபாரிகளுக்கு எப்படியோ தெரிந்து, வாசலுக்கு வாசல் கதவைத் தட்டினார்கள். மூன்றாவது ஆணைதான் பெரியது. பதிவில் கறை உள்ளவர்கள் அரசு காரியம் எதையும் தொடக் கூடாது. ஒன்பது வயது நிறைந்ததும் பதிவைப் பார்த்து அவரவர் வாழ்நாள் வேலை ஒதுக்கப்படும்.

நப்பின்னையின் மாணவி மருதிக்கு ஒன்பது நிறைய இருபது நாள் இருந்தபோது அவளுடைய தாய் கொற்றி வேலை ஒதுக்கிய ஓலையோடு ஓடி வந்தாள். கொற்றி ஓடக்காரி. அவள் கணவன் அந்த வெள்ளத்தில் போனவன்.

"டீச்சர், எம்பொண்ண உப்பளத்துக்கு எழுதியிருக்காங்க. கணக்கு வராதாம். கழித்தல்னா பயப்படுறாளாம். நாப்பத்தொரு தடவ அழுதிருக்கானு போட்டிருக்கு."

நப்பின்னை ஓலையை வாங்கிப் படித்தார். அவளை முதலில் அழவைத்த கணக்கைக் கொடுத்தவரே அவர்தான். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவர் போய்விட்டார், மீதி எத்தனை? புத்தகத்தில் இருந்ததை யோசிக்காமல் வாசித்துவிட்டார். மருதியின் அப்பா போய் ஒன்பதாவது நாள் அது. பழைய வகுப்பறையாக இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பலகையைத் துடைத்துவிட்டு, வேறு கணக்கு போட்டிருப்பார். கண்ணாடிக்கு முன்னால் அவரால் "ஏம்மா அழுவுற?" என்று கேட்கத்தான் முடிந்தது. அதையும் கண்ணாடி பதிந்து வைத்திருந்தது. இப்போது எந்தக் கழித்தலையும் அந்தப் பெண் விரல் மடக்காமல் போடுவாள் என்பதைக் கண்ணாடி பொருட்படுத்தவில்லை.

நப்பின்னை பதிவகத்துக்குப் போனார். அங்கே எழுத்தர் நன்னன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் அரசு ஊழியர்.

"அழிக்கணும்னா சட்டம் இல்லீங்க டீச்சரம்மா" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மாத்தணும்னா இருக்கு. பதினேழாவது விதி. ஒருத்தர் பதிவ இன்னொருத்தர் பேருக்கு மாத்தலாம், வாங்கிக்கிறவங்க கைநாட்டு வச்சா."

"யாருக்காகங்க இப்படி ஒரு விதி?"

"மேலிடத்துப் பிள்ளைங்களுக்காகப் போட்டதுதான். அமைச்சர் பேரன் பாடத்துல தூங்கினதெல்லாம் அவங்க தோட்டக்காரர் பேர்ல இருக்கு. அவருக்கு அறுபத்தி ரெண்டு வயசு, பாவம். மருதிது யார் பேருக்குங்க?"

"என் பேருக்கு எழுதுங்க" என்றார் நப்பின்னை.

"வேலை போயிரும் டீச்சரம்மா."

"தெரியும்."

மறுநாளே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். கழித்தலுக்கு அஞ்சி அழுபவர் பாடம் நடத்தத் தகுதியற்றவர் என்று ஆணையில் கண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தார். காலை நேரங்களில் பழக்க தோஷத்தில் அறுபத்து நான்கு பெயர்களும் வாயில் வந்து நின்றன. அழுகை வந்தது. நாற்பத்திரண்டாவது தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

செய்தி ஊரெல்லாம் பரவி, மூன்றாம் நாள் பதிவகத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்தது. வேடிக்கையர் என்று பதியப்பட்ட மகனின் தகப்பன், பொய் சொன்னவள் என்று பதியப்பட்ட மகளின் தாய், திக்கித் திக்கிப் பேசிய பேரனின் தாத்தா. எல்லாருடைய வாயிலும் ஒரே பேச்சு. "எம்பேருக்கு எழுதுங்க." நன்னனின் மைப்பெட்டி நான்கு தடவை வற்றியது. மாடத்திலிருந்து வரிசையைப் பார்த்த மாவளத்தார், கண்ணாடித் திட்டத்துக்கு மக்கள் இவ்வளவு ஆதரவு தருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என மன்னருக்கு எழுதினார்.

மன்னர் மனம் குளிர்ந்தார். பதிவேட்டைப் பார்த்தால் எழுநீர் நாட்டில் வயது வந்த எவருக்கும் கணக்கு வராது, கவனம் நிற்காது. இப்படிப்பட்ட மக்களிடம் பயம் எதற்கு? பதினோரு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட தேர்தலை உடனே அறிவித்தார்.

வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வாக்கை எண்ணுவது அந்த நாட்டில் ஊர்க்காரர்களின் வேலை, அதிகாரிகள் தொடக் கூடாது. ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் பதிவில் கறை. கறையுள்ளவர் அரசு காரியம் தொடக் கூடாது என்பது மன்னரே போட்ட ஆணை. பதிவு சுத்தமாக இருந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே.

ஆகவே வெள்ளம் வடிந்த ஆற்றங்கரைப் பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் வாக்கு ஓலைகளை எண்ணினார்கள். மொத்தத்தில் மன்னருக்கு விழுந்ததைக் கழித்து மீதியைச் சொல்ல மருதியை எழுந்து வரச் சொன்னார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நப்பின்னை நின்றார். அந்தப் பெண் கண் கலங்கிவிடுவாளோ என்று பயந்தார். மருதி கலங்கவில்லை. மீதியைப் பெரிதாக எழுதினாள். மன்னருடையதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

"மீண்டும் ஒருமுறை சரிபார், குழந்தாய்" என்றார் மாவளத்தார்.

"மூணு தடவ பாத்துட்டேங்க ஐயா. சரிதான்."

அமைச்சர் எழுத்தர் நன்னனைத் தனியே அழைத்தார். இந்தத் தோல்வியை வேறு யார் பெயருக்காவது மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா மாத்தலாம் ஐயா. வாங்கிக்கிறவங்க கைநாட்டு வேணும், அவ்வளவுதான்."

மாவளத்தார் மைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய தோட்டக்காரர் முன்வரிசையில்தான் இருந்தார். இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.