லொறியை உள்ளே வைத்துக் கட்டிய களஞ்சியம்

நெளுக்குளம், வவுனியா.
1961 கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

அன்பும் அடக்கமும் கொழும்பு உத்தியோகமும் நிறைந்த மைத்துனர் தில்லைநாதனுக்கு,

அத்தான் கனகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உமது அக்கா சிவனேஸ்வரியும் மழையில் நனைந்தபடி சுகமாயிருக்கிறோம். அங்கு நீரும் உமது காப்புறுதிக் கந்தோரும் நனையாமல் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை செய்வாராக.

நிற்க. பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் மோதகம் தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு காப்புறுதிப் பத்திரத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனீர். "அத்தான், கட்டடக் கொந்தராத்துக்காரருக்கு இது கவசம்" என்றும் சொன்னீர். அந்தக் கவசத்தில் எந்தெந்த இடத்தில் ஓட்டை என்று அறிவிக்கவே இக்கடிதம்.

மற்றக் கொந்தராத்துக்காரர்கள் கட்டுவதோடு நின்றுவிடுவார்கள். நான் வாசலில் பலகையே மாட்டியிருக்கிறேன்: "படம் கீறி, கட்டி, பரிசோதித்தும் கொடுக்கப்படும்." மூன்றுக்கும் மூன்று பேரைத் தேடி அலையத் தேவையில்லை என்பதால்தான் வியாபாரி அப்துல் மஜீத் நாநா தன் நெல் களஞ்சியத்தை என்னிடம் ஒப்படைத்தார். கூரை போட்டு, பக்கச் சுவர்கள் எழும்பி, முன்பக்கம் திறந்து கிடந்த வேளையில், கல் ஏற்றி வந்த ஆதம்பாவாவின் லொறிக்கு அச்சு முறிந்தது, மழையும் பிடித்துக்கொண்டது, மேசன்மாரும் நானும் சேர்ந்து லொறியைக் கூரைக்குக் கீழே தள்ளி விட்டோம். ஆதம்பாவா அச்சுத் தேடி யாழ்ப்பாணம் போனார். நாங்கள் படத்தில் உள்ளபடி வேலையைத் தொடர்ந்தோம். அவர் அச்சோடு திரும்பி வந்து, லொறியைத் திருத்தி, ஸ்டார்ட் பண்ணி, சந்தோசமாக முன்னே பார்த்தார். முன்னே சுவர் இருந்தது. சுவரில் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவால் ஆதம்பாவா போகலாம், தலையில் மூட்டையோடும் போகலாம், லொறியோடு மட்டும் போக முடியாது.

"கனகலிங்கண்ணே, லொறி உள்ளுக்கு நிக்கிறது உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார்.

"தெரியும் தம்பி. ஆனா படத்தில லொறி இல்லையே."

"கட்டி முடிச்சாப் பிறகு பரிசோதிச்சனீங்கள்தானே?"

"ஓம். சுவர் நேர், கதவு நேர், எல்லாம் படத்தில கிடக்கிற மாதிரி. உள்ளுக்கு என்ன நிக்குதெண்டு பாக்கிறது பரிசோதகரின்ர வேலையில்லை."

ஆதம்பாவா லொறியின் மிதிபலகையில் குந்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். பாவம், அந்த லொறி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். மஜீத் நாநாவின் நெல்லோ வெளியே மழைக்கு விரித்த படங்கின் கீழ் முளைவிடப் பார்க்கிறது. சுவரை இடிக்கச் சொல்கிறார்கள். இடித்தால் திருப்பிக் கட்டுவது யார் செலவில்? அதற்குத்தானே உமது கவசம் என்று கந்தோருக்குத் தந்தி அடித்தேன்.

வெள்ளைக் காற்சட்டையோடு ஒரு கனவான் வந்தார். களஞ்சியத்தைச் சுற்றிப் பார்க்கச் சேறு விடவில்லை. ஆகவே வாசலில் நின்றபடியே விசாரித்தார்.

"படம் கீறினது ஆர்?"

"நான்."

"கட்டினது?"

"நான்தான்."

"பரிசோதிச்சு, சரியெண்டு கையெழுத்து வைச்சது?"

"அதுவும் அடியேன்தான்."

"சுவர் விழுந்ததோ? ஆருக்கும் காயமோ?"

"மனக்காயம் மட்டும்தான் ஐயா."

"அப்ப ஒண்டும் செய்யேலாது. உங்கட பத்திரம் கட்டேக்க வாற விபத்துக்கு மட்டும்தான். படம் கீறிற பிழைக்கும் பரிசோதிக்கிற பிழைக்கும் வேறையா எடுத்திருக்கோணும். சுவர் விழுந்திருந்தாலாவது பாத்திருக்கலாம்."

இந்தக் கடைசி வசனம் ஆதம்பாவாவின் காதில் விழுந்துவிட்டது. பாய்ந்து லொறியில் ஏறினார். "பாவா, வேண்டாம்!" என்று நான் கத்த, மஜீத் நாநா "யா அல்லாஹ்!" என்று காதைப் பொத்த, லொறி உறுமிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது லொறியின் மூக்கு அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. புட்டுப்பானை போல ஆவி வந்தது. ஆதம்பாவா ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி வந்தார். சுவரிலும் ஒரு கீறல் இல்லை. தொழில் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெருமையும் இவ்வளவு துக்கமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததில்லை. கனவான் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குள்ளே ஒரே வழக்கு. படம் கீறியவன், கட்டும்போது கண் எங்கே போனது என்கிறான். கட்டியவன், பரிசோதித்தவனைக் கேள் என்கிறான். பரிசோதித்தவன், படம் அப்படி என்கிறான். இதை உமது அக்காவிடம் விளக்கினேன்.

"மூண்டு பேருக்கும் சோறு வடிக்கிறது நான் ஒருத்தி. அதில ஒராளாவது எழும்பிப் போய் அந்தச் சுவரை இடியுங்கோவன்" என்கிறா.

ஆகவே மைத்துனர், படம் கீறுவதற்கும் பரிசோதிப்பதற்கும் பொறுப்பேற்கும் காப்புறுதி ஒன்றை, இயலுமானால் போன புரட்டாதித் திகதி போட்டு, உடனே அனுப்பிவையும். தவறினால் அடுத்த பொங்கலுக்கு நீர் வரும்போது, மஜீத் நாநாவையும் ஆதம்பாவாவையும் உமக்கு இரண்டு பக்கத்திலும் இருத்தித்தான் சாப்பாடு போடுவேன்.

உமக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கைகூடி, காய்ச்சல் தடிமன் அண்டாமல், கந்தோரில் காற்றாடிக்குக் கீழே கதிரை கிடைக்க வாழ்த்தும்,

சுவரில் பிழை விடாத அத்தான்,
கனகலிங்கம்.

பி.கு: கடித உறையை ஒட்டும் நேரத்தில் மஜீத் நாநா மூச்சிரைக்க ஓடிவந்தார். களஞ்சியத்தின் முன்கதவு பூட்டியபடி இருக்கிறதாம். உள்ளே ஒரு பசுமாடு படுத்து அசைபோடுகிறதாம். "மாடு எதாலை உள்ளுக்கு வந்தது?" என்று இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். சாரலுக்கு மறைப்பாகப் பின்பக்கம் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகுத் தட்டியை மாடு முட்டித் தள்ளியிருந்தது. தட்டிக்குப் பின்னால் சுவர் இல்லை. பின்சுவர் படத்தில் இருக்கிறது, பரிசோதனை அறிக்கையிலும் இருக்கிறது, கட்டத்தான் மறந்துபோனோம். லொறியை அந்த வழியால் தள்ளி வெளியே எடுத்தாயிற்று. ஆதம்பாவா மாட்டைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் எழுதாததாகக் கொள்ளவும். பின்சுவர் வேலையை நாளை தொடங்குகிறோம். படம் கீறுவதும் கட்டுவதும் நானாம். பரிசோதிக்க மட்டும் மஜீத் நாநாவின் மனைவி ஹவ்வா உம்மா வருவாவாம். இது அவரின் நிபந்தனை. காப்புறுதியை அவாவின் பெயரில் எடுக்கலாமோ என்று விசாரித்து எழுதும்.