காதலை மோந்து பார்த்த சாமியார்

விடிந்தும் விடியாததுமாக வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஒருத்தி கையில் புருஷனின் பனியன். ஒருவன் கையில் காதலியின் ஒற்றைக் காலுறை. எல்லாமே துவைக்காதவை, துவைத்தால் சாமியாருக்குச் சேதி எட்டாதாம். மோப்பச் சாமியார் துணியை ஒரு இழுப்பு மோந்தால் போதும், போட்டவர் மனதைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார். போலீஸ் நாய்க்குக்கூட இந்த வரம் வாய்க்கவில்லை.

அந்தத் தெருவில் ஒரு தையல்காரி. போன வாரமே சாமியாரிடம் வந்துபோனவள். அவள் காதலன் செல்போன் கடையில் வேலை செய்பவன். பெண் கேட்டு வருகிறேன் என்பான், வரமாட்டான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது "அப்படியா" என்று ஒரு வார்த்தை அனுப்பினான். ஒருநாள் வேறொருத்தியின் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டுவிட்டு, "டயர்டா இருக்கேன்" என்றான். அவன் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் சாமியாரிடம் ஓடினாள்.

சாமியார் அவன் சட்டையை மோந்தார். "உன் மேல உசுரையே வெச்சிருக்கான்மா. ஒரு துஷ்ட ஆவிதான் நடுவுல நின்னு தடுக்குது."

அப்பாடா! வராததும் ஆவி, மறந்ததும் ஆவி. அந்த ஆவிக்குத்தான் எத்தனை வேலை! அதை விரட்ட அவள் தையல் மெஷினைக் காணிக்கை வைக்க வேண்டும். அவள் வயிற்றைக் கழுவுவதே அந்த மெஷினால்தான்.

இன்று மெஷினை வண்டியில் ஏற்றியவளை அக்கா மறித்தாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள்.

"இருடி, நானும் வர்றேன். என்னையும் ஒருத்தர் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டேங்கறார்" என்று முகம் மாறாமல் சொல்லி, பெரிய மூட்டை ஒன்றையும் ஏற்றினாள்.

அக்கா நீட்டிய சட்டையைச் சாமியார் கண்மூடி மோந்தார். உடம்பு உதறியது.

"அடேங்கப்பா! உன்னை நினைச்சு அழுது அழுது கண்ணே வீங்கிப் போச்சு இவனுக்கு. காணிக்கை வெச்ச மறுநிமிஷம் ஓடி வருவான்!"

அக்கா மூட்டையை அவிழ்த்தாள். துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மை. தலை கிடையாது. இடுப்புக்குக் கீழே வெறும் கம்பி.

"இவர்தான் சாமி. கண்ணு எங்க வீங்கியிருக்கு, காட்டுங்க. ஓடி வரக் காலையும் நீங்களே குடுங்க. சட்டையில விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கலையே, அது மூக்குல குத்தலையா?"

"ஆவி... தலையையே தின்னுடுச்சு!" என்றார் சாமியார்.

வரிசையில் ஒருவர் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சாமியார் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்.

தையல்காரி மட்டும் அழுதாள். ஆவி ஒழிந்துவிட்டது, இனி அவன் வராததற்கு அவன் மட்டுமே காரணம். அது ஆவியைவிடப் பொல்லாத வலி. அழுதுகொண்டே, இறக்கிய மெஷினை மறுபடி வண்டியில் ஏற்றினாள்.

பனியனோடு வந்தவள் அவள் கையைப் பிடித்தாள். "சாமி டூப்பாவே இருக்கட்டும்மா. என் வீட்டுக்காரருக்கு என் மேல ஆசை இருக்கா இல்லையான்னு நான் வேற எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்க அடுத்தவன் மூக்கு வேணும்னா, பதில் நமக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சுக்கா. ஒத்துக்கத்தான் பயம்."