மெஷினில் மூன்று கிராம் குறைகிறது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் ஏற்பாடு செய்து அனுப்பிய சமையல் மெஷினும் இந்த நிமிடம் வரை சௌக்கியம்தான். ஆனால் அதை இப்படி எழுதுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. போனில் பேசியிருப்பேன், உங்கள் அத்தை அடுத்த அறையில் இருக்கிறாள், அவளுக்குப் பாம்புக் காது. எழுதி முடித்ததும் படமெடுத்து அனுப்பிவிடுகிறேன். இப்போது மணி நாலு இருபது. ஐந்து மணிக்குக் கம்பெனிப் பெண் வருகிறாள். மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லப்போகிறேன். காரணம் தெரியாமல் நீங்கள் வருத்தப்படக் கூடாது.

ஏழு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பிடித்தால் கையெழுத்து, பிடிக்காவிட்டால் வாபஸ், ஆனால் உள்ளே ஒரு கீறல் விழுந்தாலும் வாங்கியே தீரவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. நறுக்கும், அரைக்கும், பிசையும், வேகவைக்கும், கிளறும், எடை போடும் என்று பதினான்கு வேலைகளை அந்தப் பெண் விரல்விட்டு எண்ணியபோது உங்கள் அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, வாபஸ் நிபந்தனையை நான் அப்போதே இன்னொரு முறை கேட்டு வைத்துக்கொண்டேன். குளியலறையில் வழுக்கி அவள் வலது மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டுப் பிரித்த டாக்டர், இனி அந்தக் கையால் பிசைவது, பிழிவது, கனமாகத் தூக்குவது கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வழுக்கி விழுந்த அன்றிலிருந்தே கரண்டி என் கையில். மெஷின் வந்த மூன்றாம் நாள், இடக்கை விரல் ஒன்றால் பொத்தானை அமுக்கி மாவு பிசைந்து, காய் நறுக்கி, முழுச் சமையலையும் முடித்துவிட்டு, "ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் யாரையும் கூப்பிடாம ஒரு வேளை சமைச்சேன்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு கவளம் குறைவாகச் சாப்பிட்டேன்.

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ஐந்து நாள் தேடினேன். சத்தம் இல்லை, சிந்தவில்லை, சூடு ஏறவில்லை. ஆறாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. முப்பத்திரண்டு வருடம் எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளைக் கிடுகிடுக்க வைத்தவன் நான்; பதினான்கு வேலைகளில் எடை போடுவதும் ஒன்று! ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்களே, முத்திரை குத்திய இருநூறு கிராம் பித்தளைப் படிக்கல், பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் துலக்கும் பொடி போட்டு நான் கண்ணாடி மாதிரி வைத்திருப்பது, அதை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன். நூற்றுத் தொண்ணூற்றேழு என்று காட்டியது. மூன்று கிராம் குறைவு, மாப்பிள்ளை. இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் தராசைப் பறிமுதல் செய்திருக்கிறேன். பெண் வரும்போது போட்டு உடைப்போம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் எங்கள் துறையில் ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டுக் குற்றம் சாட்டும் வழக்கம் கிடையாது. மூடி இல்லாமல் மூன்று தடவை, மூடியோடு மூன்று தடவை பார்த்து ஆறையும் எழுதிக் கொடுத்தால்தான் அறிக்கை. இன்று மூன்று மணிக்கு, உங்கள் அத்தை கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முதல் மூன்றை முடித்தேன். நாலாவதற்குப் படிக்கல்லை உள்ளே வைத்து மூடியைப் போட்டதும் 'டக்' என்று அதுவாகவே பூட்டிக்கொண்டது. காலையில் அவள் மாவு பிசைந்ததை அந்த மெஷின் ஞாபகம் வைத்திருக்கிறது. 'பிசைதல் தொடங்குகிறது' என்று எழுத்து ஓட, உள்ளே கத்தி அசைந்து கல்லில் ஒரு இடி இடித்தது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது, மூடி திறக்கவில்லை. பிடுங்கினால் திறக்காது, செருகினால் சுற்றும். சுற்றினால் கீறல், கீறினால் வாங்கவேண்டும். எதை விரட்டப் பார்த்தேனோ அதை நானே கட்டி இழுத்து வீட்டில் வைத்ததாக ஆகிவிடும்.

மெஷினோடு ஒரு விளக்கப் புத்தகம் வந்திருந்தது, நான் தொடவில்லை. ஆய்வாளர் என்பவன் விற்கிறவனின் புத்தகத்தைப் படித்துக் கெட்டுப்போகக் கூடாது. ஆகவே மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கை ஓசைப்படாமல் அழைத்து வந்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், கடைசியில், "லிஃப்ட்டுல மாட்டினா ஆளு உள்ளேருந்து கத்துவாங்க சார், அத வச்சு எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சிருவேன். இது வாயே தொறக்க மாட்டேங்குதே" என்று உதட்டைப் பிதுக்கினார். மூன்றரை ஆகிவிட்டது. கவிழ்த்துப் பார்க்கலாம் என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்தோம். படிக்கல் உருண்டு கணீர் என்று ஒரு சத்தம். அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. மெக்கானிக் மாடியில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார். நான் மட்டும் மெஷினைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன், வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

உங்கள் அத்தை வந்தாள். என்னைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள். "தள்ளுங்க" என்றாள். இடக்கையால் பிளக்கைச் செருகி, சுற்ற ஆரம்பிக்கும் முன் சிவப்புப் பொத்தானை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்து எண்ணுவதற்குள் மூடி திறந்தது. கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கத்தியிலும் சரி, கிண்ணத்திலும் சரி, ஒரு கீறல் இல்லை. கல்லைத் துடைத்து என் கையில் வைத்து, "புஸ்தகத்துல ஏழாம் பக்கம் போட்டிருக்கு" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று கிராம் நான் சொல்லப்போகும் காரணம். உண்மையான காரணம் வேறு. இந்த இரண்டு மாதமாக அவள் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பொடியாக நறுக்குங்கள், தீயைக் குறையுங்கள் என்பாள், நான் செய்வேன். நடுவே ஏதேதோ பேசுவோம். கல்யாணமான நாளிலிருந்து பேசியது எல்லாம் சேர்த்தாலும் இந்த இரண்டு மாதத்துக்கு ஈடாகாது. இந்த மெஷின் வந்துவிட்டால் அவள் எதற்கு என்னைக் கூப்பிடப் போகிறாள்? பழையபடி நான் கூடத்தில் பேப்பரோடு, அவள் உள்ளே மெஷினோடு. சுயநலம்தான், தெரிகிறது. ஆனாலும் ஐந்து மணிக்கு அதைத்தான் செய்யப்போகிறேன்.

என் மகளிடம் இதைக் காட்ட வேண்டாம். இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழவேண்டும், எதையும் சேர்ந்தே சமைத்துச் சாப்பிடவேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு: மணி ஆறு. மேலே உள்ளதை அனுப்பாமல் வைத்திருந்தேன், இதையும் சேர்த்துப் படியுங்கள். பெண் வந்ததும், மூடி இல்லாமல் பார்த்த மூன்றை மட்டும் எழுதிய அறிக்கையை நீட்டினேன். அவள் கோபப்படாமல் பையிலிருந்து முத்திரையிட்ட தன் எடைக்கல்லை எடுத்து வைத்தாள், சரியாக இருநூறு. என்னுடையதை வைத்தாள்; நூற்றுத் தொண்ணூற்றேழு. நான் என் கல்லை எடுத்து முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தைதான் சொன்னாள்: "பதினோரு வருஷமா அந்தக் கல்லைத் தேய் தேய்னு தேச்சா, அது எங்கிருந்து இருநூறு இருக்கும்?" சொல்லிவிட்டு இடக்கையால் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பெண் கிளம்பும்போது உங்கள் அத்தை, "இது வெங்காயம் உரிக்குமாம்மா?" என்று கேட்டாள். பதினான்கு வேலைகளில் அது இல்லை, கையால்தான் உரிக்க வேண்டும் என்றாள் பெண். "பரவால்ல, அதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு உங்கள் அத்தை அடுப்படிக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒன்றல்ல, இரண்டு. கால் கிலோ உரித்தாகிவிட்டது மாப்பிள்ளை. மெஷினில் வைத்துப் பார்த்தேன், எடை சரியாக இருக்கிறது.