ஞாயிறு மதியம் ரெண்டு மணி

கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன உறையைச் சுகுமாறன் பிரித்திருக்கவே கூடாது. பிரித்ததோடு நில்லாமல் சத்தமாகப் படிக்கவும் செய்தான்.

"ஜோடியா போய் மண்சட்டி செய்யுற கிளாஸாம். நாளைக்கு மதியம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும். காசெல்லாம் கட்டியாச்சாம், கிஃப்ட்."

"யாரு கொடுத்தது?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"பேரு போடலை."

அவ்வளவுதான், கரண்டியோடு வந்துவிட்டாள் குமுதா. போன தீபாவளிக்குச் சொந்த அண்ணன் கொடுத்த பிஸ்கட் டின்னையே காலாவதித் தேதி பார்த்துவிட்டு வாங்கியவள் அவள். பெயரில்லாத பரிசை விடுவாளா?

வம்பு எதற்கு என்று சுகுமாறன் சமாளித்தான். "நான்தான் வாங்குனேன். சர்ப்ரைஸ் லா!"

"இத்தனை வருஷத்துல கல்யாண நாளுக்கு ஒரு முழம் பூ வாங்குனதில்ல. இப்ப சர்ப்ரைஸா? என்னா தப்பு பண்ணுனீங்க?"

"ஐயோ, ஒண்ணும் பண்ணலை! சத்தியமா இதை நான் வாங்கலை!"

"அப்போ வாங்குனேன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் அடுக்குமாடிக்குப் பின்னால்தான் ரயில் ஓடுகிறது. அந்தக் காலையில் ரயில் சத்தம் எடுபடவில்லை.

தன் யோக்கியத்தை நிரூபிக்கச் சுகுமாறன் வகுப்பு நடத்துகிறவர்களுக்கே போன் போட்டான், அதுவும் ஸ்பீக்கரில்.

"சாரி அண்ணே, பேரு சொல்லக்கூடாது. ஒரு லேடி வந்து கட்டுனாங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிதான் வேணும், வேற டைம் வேணாம்னு ஒரே பிடிவாதம்."

"லேடி!" என்றாள் குமுதா. "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு நீங்க சும்மா இருப்பீங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை எல்லாருமே சும்மாதான் இருப்பாங்க!"

இதை அவன் கத்தினான். அவள் அதைவிடக் கத்தினாள். கடைசியில், "நான் டெங்கில் ஊர்ல இருக்குற அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று பையில் துணியைத் திணித்தாள். எத்தனையோ சண்டை பார்த்தவன்தான் சுகுமாறன். ஆனால் பையை அவள் எடுத்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது.

லிஃப்ட் திறந்தபோது உள்ளே ராஜினி நின்றிருந்தாள். கீழ்வீட்டுக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை என்பதால் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும்.

"என்னக்கா, சத்தம் கேட்டு வந்தேன். பையோட எங்க?"

குமுதா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். ராஜினி கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"போயிடாதீங்கக்கா. அண்ணனைக் கூட்டிக்கிட்டு அந்தக் கிளாஸுக்குப் போங்க. எவ வந்து நிக்கிறான்னு நீங்களே பாத்துடலாம்ல?"

குமுதாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் வகுப்பில் தனியாக வந்தவள் என்று ஒருத்திகூட இல்லை. குமுதா ஒவ்வொரு முகமாக முறைத்து முடித்தபோது, சுகுமாறனின் சட்டி ஒருபக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அவள் பட்டென்று கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

"நெசமா எனக்கு யாரையும் தெரியாது குமுதா."

"தெரியும். உங்களுக்குப் போய் எவ காசு செலவு பண்ணுவா?"

திட்டுதான். ஆனாலும் அவனுக்கு உயிர் வந்தது. அந்தக் கோணல் சட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அப்படியானால் அந்த லேடிதான் யார் என்று இருவருமே யோசித்துக்கொண்டு வந்தார்கள்.

கீழே லிஃப்ட் திறந்தது. டீ வாங்கக் கிளம்பிய ராஜினி வெளியே வந்தாள். அவள் கண்கள் வெள்ளை வெளேரென்று இருந்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

"அக்கா, மேல சத்தமே இல்ல, ரெண்டு மணிக்குப் படுத்தவ இப்பத்தான் எழுந்திரிச்சேன் லா," என்றாள் அவள். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு கேக் கிளாஸ் கட்டட்டுமா?"